குதிகால் நோவுக்குக் குதிகாலா காரணம்?



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை பாதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "வாத்தியாருக்கு என்ன வந்தது? தலையை விட்டுவிட்டுக் காலைப் பிடிக்கிறாரே!" என்று நீங்கள் சிரிக்கலாம். காரணம் இருக்கிறது. நான் செய்த ஒரு தவற்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜாசின் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி நன்றாக ஓடுவாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான குறுக்கோட்டப் போட்டிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. எங்கள் பள்ளிக்கு ஒரு கிண்ணமாவது வர வேண்டுமே என்ற ஆசையில் பிள்ளைகளைத் தினமும் மாலையில் திடலில் ஓடவிட்டேன். ஒரு நாள் அந்தப் பிள்ளை வந்து, "சார், வலது குதிகால் நோவுது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓட ஓடச் சரியாப் போயிடும்மா. நாங்க எல்லாம் வெறுங்காலோட ஓடினவங்க" என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு சுற்று கூடுதலாகவே ஓட வைத்தேன்.

பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "சார், பள்ளிக்கூடம் விட்டு வந்தா பிள்ளை நொண்டி நொண்டி நடக்குது. அவங்க அப்பா, ஓட்டமும் வேணாம் ஒன்னும் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றார். அன்று மாலை நானே அவர்கள் வீட்டிற்குப் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு சார் ஓட்டம்? காலு போச்சுன்னா யாரு சார் பார்ப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேள்வியில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. தோட்டத்தில் பிழைக்கிறவனுக்குக் கால்தான் முதல். அந்தக் காலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத நான், அவர் பிள்ளையை ஓட வைத்திருக்கிறேன். "அண்ணே, தப்பு என்னுடையது. நாளைக்கு நானே கிளினிக்கிற்குக் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் தாயையும் மகளையும் என் காரில் ஏற்றிக்கொண்டு அரசாங்க கிளினிக்கிற்குப் போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே விதை.

அங்கிருந்த பெண் பணியாளர் குதிகாலின் பின்புறத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பிள்ளை "ஸ்" என்றாள். அத்துடன் மருந்து தடவி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பிள்ளையைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, "வலது காலில் மட்டும் நில்" என்றார். பிள்ளை இடது காலைத் தூக்கிய உடனே இடுப்பின் இடது பக்கம் கீழே சரிந்தது. வலது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. பாதத்தின் உள்வளைவு தரையில் படிந்தது. "பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார். நோவு குதிகாலில், அவர் காட்டியதோ இடுப்பை.

வாசகர்களே, வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிவதோடு நிற்காமல் அது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் செய்ய வைத்த எனக்கு, அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

பாதம் சுமக்கும் பாரம்

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. 33 மூட்டுகள் இருக்கின்றன. நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படியில்லை. இரண்டு காலும் ஒரு கணம் காற்றில் இருக்கும். பிறகு முழு உடம்பும் ஒரே காலில் வந்து இறங்கும். அப்படி இறங்கும்போது பாதத்தில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை இரண்டு கிலோமீட்டர் ஓடுகிறது. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,000 அடி. காலுக்கு 1,000 அடி. ஒவ்வோர் அடிக்கும் 60 கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஒரு பாதம் ஒரு மாலையில் தாங்கும் மொத்தப் பாரம் 60,000 கிலோ, அதாவது 60 டன்! ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் தாங்கும்படிதான் இயற்கை பாதத்தைப் படைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் கோணலாக விழுந்தால்? ஒரு தடவை விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் தடவை விழுந்தால் ஆகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

காண்டாக் கம்பு சொல்லும் பாடம்

நம் பெரியவர்கள் பால்மரக் காட்டில் காண்டா தூக்கியதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தோளில் ஒரு கம்பு; இரண்டு பக்கமும் பால் வாளி. இரண்டு வாளியும் சமமாக இருந்தால் ஆள் நேராக, ஒரே தாளத்தில் நடந்து போவார். ஒரு பக்கத்து வாளியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? கம்பு மறுபக்கம் சரியும். சரியாமல் இருக்க வேண்டுமென்றால் காலியான முனையைக் கையால் பிடித்து இறுக்கி அழுத்தியாக வேண்டும்.

நம் இடுப்பெலும்புதான் அந்தக் காண்டாக் கம்பு. இரண்டு காலில் நிற்கும்போது சமமாக இருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு காலில்தான் நிற்கிறோம். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் பிடித்து நிறுத்தும் கை ஒன்று உண்டு. ஊன்றிய காலின் பக்கம், இடுப்பின் வெளிப்புறத்தில், பிட்டத்தின் மேல்பகுதியில் இருக்கும் தசைதான் அது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரென்டலென்பர்க் 1895-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரிந்தால், ஊன்றிய பக்கத்துத் தசை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். மருத்துவர்கள் இன்றும் அவர் பெயராலேயே அந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

இடுப்பு சரிந்தால் கதை அதோடு முடிவதில்லை. மேலே சரிந்தது கீழே இறங்கி வருகிறது. தொடை எலும்பு உள்பக்கம் திரும்புகிறது. முழங்கால் மற்ற முழங்காலை நோக்கிச் சாய்கிறது. கணுக்கால் உள்ளே மடிகிறது. பாதத்தின் வளைவு தட்டையாகிறது. கடைசியில் அடி வாங்குவது பாதம். வீட்டுக் கூரையில் ஓட்டை. ஈரமானதோ தரை என்பது போல.

பாதத்தின் அடியில் ஒரு கயிறு

உள்ளங்காலில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப் பட்டை ஓடுகிறது. பாத வளைவை வில்லென்றால் இதை நாண் என்று சொல்லலாம். 1954-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதன் வேலையை அழகாக விளக்கினார். கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதைப் போல, விரல்கள் மேலே மடங்கும்போது இந்தப் பட்டை விரலடி எலும்பைச் சுற்றி இழுபடுகிறது, வளைவு தானே மேலே எழுகிறது, பாதம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டியான பாதத்தை ஊன்றித்தான் நாம் உந்தி ஓடுகிறோம்.

நம்பாவிட்டால் இப்போதே சோதித்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி பாதத்தைத் தரையில் வையுங்கள். கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். உள்வளைவு எழுவதைக் கண்ணால் காணலாம்.

பாதம் அடிக்கடி உள்ளே மடிந்து தட்டையானால் இந்த நார்ப் பட்டை தாங்கும் அளவுக்கு மேல் இழுபடுகிறது. அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் நோவு தெரியும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல் இருக்கும். நாலு அடி நடந்ததும் குறையும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும்.

அன்றைக்கு அந்த அம்மா இதைக் கேட்டவுடன், "எனக்கு ஒரு வருஷமா இப்படித்தான் சார் இருக்கு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். அவருக்கு வயது முப்பத்தேழு! அவரையும் ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள். மகளைப் போலவே இடுப்பு சரிந்தது. நான் சும்மா இருப்பேனா? வீட்டிற்கு வந்து அலமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் என் தொப்பையும் இடுப்பும் சேர்ந்தே சரிந்தன.

சிறுமியின் நோவு அம்மாவின் நோவிலிருந்து சற்று வேறுபட்டது. எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் முற்றாமல் வளர்ந்துகொண்டிருக்கும். ஓடிக் குதிக்கும்போது கெண்டைக்கால் தசை அந்த இளம் எலும்பைப் பிடித்து இழுக்கும். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் நோவு வரும். வளர்ந்து முடிந்ததும் தானே போய்விடும். ஆனால் நோவைப் பொருட்படுத்தாமல் ஓட வைக்கக் கூடாது. நான் செய்தது அதுதான். அவளுக்கு இடுப்பின் பலவீனம் கூடுதல் சுமையாக வந்து சேர்ந்திருந்தது.

வயிறும் முதுகும் என்ன செய்கின்றன?

காண்டாக் கம்பைப் பிடிக்கும் கைக்குப் பலம் இருந்தால் போதாது. தூக்குகிறவரின் உடம்பும் நிலையாக இருக்க வேண்டும். வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றைச் சுற்றியுள்ள தசைகள் ஒரு துணிக்கச்சை போல நடுவுடலைக் கட்டிப் பிடிக்கின்றன. 1990-களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார்கள். நாம் கையையோ காலையோ அசைப்பதற்கு முன்பே வயிற்றின் அடியாழத்துத் தசை இறுகத் தொடங்கிவிடுகிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் தாமதமாக வந்தது.

நம் வீட்டு ஆண்கள் குலை வெட்டக் கம்பைத் தூக்குமுன் மூச்சைப் பிடித்துக் காலை ஊன்றிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அதே வேலையை நடுவுடல் ஒவ்வோர் அடிக்கும் நாம் அறியாமலே செய்ய வேண்டும். அது தளர்ந்தால் ஓடுகிறவரின் மேலுடம்பு இரண்டு பக்கமும் ஆடும். இடுப்பு முன்னே சரியும். காலடி உடம்புக்கு வெகு முன்னால் போய் விழும். பிள்ளைகள் களைத்துப்போன கடைசிச் சுற்றில் பாருங்கள், தோள் ஆடும், முழங்கால்கள் உரசும். அவர்கள் அந்த நேரத்தில்தான் அதிகமாக நொண்டுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாக் குதிகால் நோவுக்கும் இடுப்புதான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. உடல் எடை, நாள் முழுதும் நின்று செய்யும் வேலை, தேய்ந்த சப்பாத்து, சிமெண்டுத் தரை, ஓட்டத்தைத் திடீரென்று கூட்டுவது ஆகியவையும் காரணங்களே. இடுப்பும் வயிறும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. நாம் பார்க்க மறந்தவை.

வெறுங்கால் நல்லதா, சப்பாத்து நல்லதா?

நம் ஆட்கள் இதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா நெடுந்தொலை ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்துத் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடினார்; அங்கும் தங்கம்தான். ஆக, வெற்றி சப்பாத்தில் இல்லை. வெறுங்காலிலும் இல்லை.

அதே ரோம் போட்டியில் பதினாறு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவர் மலாயாவுக்காக ஓடினார். அவர்தான் மணி ஜெகதீசன். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல் அதை முறியடித்தவர் யார் தெரியுமா? நம் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹபிஸ் ஜந்தான், 20.90 விநாடி. ஜெகதீசன் படிப்பால் மருத்துவர். 'பறக்கும் மருத்துவர்' என்று அவரை அழைத்தார்கள்.

இன்னொருவரையும் நினைவுபடுத்துகிறேன். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேக நடையில் தங்கம் வென்றவர் கோ. சரவணன். வேக நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து நிமிர்ந்தே இருக்க வேண்டும். அதனால் அந்த வீரர்களின் இடுப்பு அசைந்து அசைந்து போகும். சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் நாற்பதாயிரம் அடிக்கும் மேல் அந்த இடுப்பு தாளம் தவறாமல் வேலை செய்தால்தான் பாதம் கடைசிவரை வந்து சேரும்.

நமக்கும் நடை புதிதல்ல. 1967-இல் நம் மாநிலத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். நம் கால்களுக்கு வலு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வலுவைக் காப்பாற்றத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

"உழைக்கிற உடம்புக்கு எதற்குத் தேகப்பயிற்சி?"

இதையும் அந்த அப்பா கேட்டார். நல்ல கேள்வி. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நம் வேலையில் சில தசைகள் நாள் முழுதும் உழைக்கின்றன. சில தசைகள் தூங்குகின்றன. குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்து முதுகை வளைத்தே நிற்கிறார். பழம் பொறுக்குகிறவர் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தே இருக்கிறார். கோணிப்பை எப்போதும் ஒரே தோளில். கைக்குழந்தை எப்போதும் ஒரே இடுப்பில். பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பை ஒரே பக்கத்தில். இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் ஒரு பக்கத்து வாளி எப்போதும் கனமாகத்தானே இருக்கும்?

அதனால் முதல் மருந்து காசில்லாத மருந்து: பக்கத்தை மாற்றுங்கள். பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றுங்கள். குழந்தையை அடுத்த இடுப்பில் வையுங்கள். குனியும்போது முழங்காலையும் மடக்குங்கள். பிள்ளைகள் பையை இரண்டு தோளிலும் மாட்டட்டும்.

வீட்டில் செய்து பார்க்கும் சோதனை

கண்ணாடிக்கு முன்னால் இரண்டு இடுப்பிலும் கை வைத்து ஒற்றைக் காலில் பதினைந்து விநாடி நில்லுங்கள். தூக்கிய காலின் பக்கத்துக் கை கீழே இறங்கினால் ஊன்றிய பக்கத்துத் தசை தளர்ந்திருக்கிறது. பிறகு வாசல் படியில் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஊன்றிய முழங்கால் பாதத்திற்கு நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பழைய சிலிப்பரையும் சப்பாத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு காலின் அடிப்பாகம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான்.

தினமும் பத்து நிமிடம்

அங்கே கற்றுக்கொண்டவற்றில் எளியதைச் சொல்கிறேன். பாய் ஒன்று போதும்.

முதலாவது, ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போல் திறந்து மூடுங்கள். பக்கத்திற்குப் பத்து தடவை.

இரண்டாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பைப் பாலம் போல் மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணிவிட்டு இறக்குங்கள். பத்து தடவை.

மூன்றாவது, குப்புறப் படுத்து முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடம்பைத் தாங்கிப் பலகை போல் இருங்கள். முடியாதவர்கள் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். மூச்சை அடக்க வேண்டாம். பத்து விநாடியில் தொடங்குங்கள்.

நான்காவது, பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். காலையில் வலது, மாலையில் இடது. வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, காலையில் முதல் அடி குத்தும் பெரியவர்களுக்கு உரியது. துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கியிருக்க, குதிகால் படிக்கு வெளியே இருக்கும்படி நில்லுங்கள். மூன்று எண்ணி எழும்பி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்குங்கள். பன்னிரண்டு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்கள் மூன்று மாதத்தில், பாதத்தை வெறுமனே நீட்டி மடக்கியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே பொறுமையும் ஒரு மருந்துதான். மாதங்கள் ஆகும், சோர்ந்துவிடாதீர்கள்.

ஓடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தூரத்தை வாரத்திற்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டத்திற்கு ஓய்வு கொடுங்கள். பிள்ளை நொண்டினால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

இதையும் மறவாதீர்கள். ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போவது போல் வலித்தாலும், வீங்கினாலும், இரவில் படுத்திருக்கும்போதும் நோவு இருந்தாலும், கால் மரத்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். எலும்பில் கீறல் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எக்காரணத்தாலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். தைலம் ஒரு போத்தல் அதைவிட விலை அதிகம்.

பிறகு என்ன ஆயிற்று?

அந்த ஆண்டு குறுக்கோட்டத்தில் அவள் ஓடவில்லை. ஆறு வாரம் ஓட்டமே இல்லை. கிண்ணம் வேறு பள்ளிக்குப் போனது. மாலையில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது அவள் திடலோரம் பாய் விரித்து இடுப்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கேலி செய்த பிள்ளைகள் பிறகு தாங்களும் வந்து படுத்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் பள்ளியில் ஓட்டப் பயிற்சி பாயில்தான் தொடங்குகிறது.

மறு ஆண்டு அவள் ஓடினாள். ஒன்பதாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் நொண்டாமல் நடந்து வந்தாள். வேலையை முடித்துவிட்டு ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த அவள் அப்பா, ஓரமாக நின்று மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "இடைநிலைப் பள்ளிக்குப் போனாலும் ஓடட்டும் சார்" என்றார்.

அவள் அம்மா இன்னும் படியில் நின்று குதிகாலைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார். காலையில் குத்துவது வெகுவாகக் குறைந்துவிட்டதாம். நான் மட்டும் பலகைப் பயிற்சியில் இன்னும் இருபது விநாடியைத் தாண்டவில்லை. அடுத்த இதழுக்குள் முப்பதை எட்டிவிடுவேன் என்று உங்கள் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறேன்.

இன்றைக்கு இரவு பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். உங்கள் இடுப்பு என்ன சொல்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.